ஏலத்தில் போன ஒட்டுப்போர்வை

எங்கள் சபைப் பெண்கள் சங்கத்துக்கு ஜெர்மனியிலிருந்து வந்த முதல் பார்சலைப் பிரித்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உள்ளே இருந்தது ஒட்டுப்போட்டுத் தைத்த ஒரு போர்வை.

நாங்கள் இருந்தது ஆரணியில். கோயிலை விட்டு எந்தப் பக்கம் நடந்தாலும் தறிச் சத்தம் கூடவே வரும். சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். சாயம் தோய்த்த பட்டு நூலைத் தெருவில் மூங்கிலில் மாட்டி உதறிக்கொண்டிருப்பார்கள். சைக்கிளில் வருகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். சபையிலும் தறி வைத்திருந்தவர்கள் உண்டு. மற்றவர்கள் வாத்தியார், நர்ஸ், குமாஸ்தா, கலசப்பாக்கம் பக்கம் கொஞ்சம் நிலத்தை வைத்துக்கொண்டு டவுனில் குடியிருப்பவர்கள். யார் வீட்டிலும் காசு கொட்டிக் கிடக்கவில்லை. ஆனாலும் ஒட்டுப்போட்ட துணியை மடித்து இன்னொருவருக்குப் பரிசாகக் கொடுப்பது என்பது எங்கள் யாருடைய கற்பனையிலும் இல்லாத ஒன்று. ஒட்டு என்றால் வீட்டில் மாற்றுத் துணி இல்லை என்று அர்த்தம்.

கம்பவுண்டர் வீட்டு அக்காதான் முதலில் பேசினார். எங்கள் சங்கத்தின் பொருளாளர், இளகிய மனசு.

"பாவம், அவங்க ஊர்லயும் கஷ்டம்தான் போல இருக்குது. நாம எதுனா அனுப்பலாமா?"

எழுபதுகளின் கடைசியில், ஒவ்வொரு சபைப் பெண்கள் சங்கமும் வெளிநாட்டில் ஒரு சபையோடு பார்ட்னராக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். அவர்கள் எங்களுக்காக ஜெபிப்பார்கள், நாங்கள் அவர்களுக்காக ஜெபிக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆரணியில் பார்ட்னர் என்றால், சேர்ந்து பட்டுக்கடை வைத்து, அப்புறம் ஆளுக்கொரு வக்கீல் வைத்துக்கொள்கிறவர். அதனால் ஒன்றிரண்டு பேர் ஆரம்பத்திலேயே ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மற்றவர்கள் சனிக்கிழமை மத்தியானம் கூடி, "ஆண்டவரே, அந்த ஊரில் பனி அதிகம் என்கிறார்கள், அதைக் குறைத்தருளும்" என்று உருக்கமாக ஜெபித்தோம். பனி பெய்தால்தான் தங்கள் ஊர் அழகு என்று அவர்கள் எழுதியிருந்ததை நான் மொழிபெயர்த்துச் சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை.

நான் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். இங்கிலீஷ் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். தலைவி, ஐயரம்மா. எங்கள் பக்கத்துப் புராட்டஸ்டண்டு சபைகளில் குருவானவரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. நல்ல உயரம். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. அவர் ஒரு பார்வை பார்த்தால் கோணலாகக் கிடக்கிற பாய்கூட நேராகிவிடும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவரை எனக்கு அப்போது அவ்வளவாகப் பிடிக்காது. பயம் இருந்த இடத்தில் பிரியம் வருவதற்கு நாளாகும்.

அந்த ஐயரம்மாதான் போர்வையை எடுத்து பெஞ்சின் மேல் முழுசாக விரித்தார். விரித்த பிறகு எங்களுக்கே வெட்கமாகிவிட்டது. அது கிழிசலை மறைக்கப் போட்ட ஒட்டு இல்லை. ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு பெண் தைத்திருந்தாள். ஒன்றில் ஊசிக் கோபுரம் வைத்த அவர்கள் கோயில். ஒன்றில் ஆப்பிள் மரம். ஒன்றில் ஒரு படகு. ஒன்றில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் வெள்ளை வாத்து, சண்டைக்கு வருவது போல. உள்ளே பஞ்சு வைத்து மெத்து மெத்தென்று இருந்தது. நடுவில் மட்டும் ஒரு கட்டம் வெறும் வெள்ளையாக விட்டிருந்தார்கள். கூட வந்த கடிதத்தில் விவரம் இருந்தது. நடுக் கட்டம் ஆரணிப் பெண்களுடையது. நீங்கள் உங்கள் ஊரை அதில் தைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் போர்வை முடிந்ததாக அர்த்தம்.

அவ்வளவுதான், சண்டை ஆரம்பமானது. ஐயரம்மாவுக்கு ஒரு வேதவசனம் வேண்டும். கம்பவுண்டர் வீட்டு அக்காவுக்குத் தாமரைப் பூவின் மேல் சிலுவை வேண்டும். தாமரை வேண்டாம், மல்லிகை போடலாம் என்றார் ஒருவர். வெள்ளைத் துணியில் மல்லிகை எப்படித் தெரியும் என்றார் இன்னொருவர். தறியைப் போடலாம் என்று நான் சொன்னேன். தறியைத் தைத்துப் பாருங்கள், கட்டில் மாதிரி இருக்கும் என்று எங்கள் சங்கத்துத் தறிக்கார வீட்டுப் பெண்ணே தள்ளிவிட்டாள். வீட்டில் வந்து இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர், "பிரியாணி அண்டாவப் போடுங்க, ஆரணின்னு உடனே தெரிஞ்சிடும்" என்றார். ஆயிரம் கூட்டம் போட்டாலும் ஆறு பெண்கள் ஒரு பூவுக்குச் சம்மதிக்க மாட்டார்கள். நடுக் கட்டம் வெள்ளையாகவே இருந்தது. போர்வையை ஐயரம்மா தன் வீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

இப்போது எங்கள் அறுப்பின் பண்டிகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை சபையார் தங்கள் விளைச்சலில் முதல் பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் படிகளில் வைப்பார்கள். நெல், வேர்க்கடலை, வாழைத்தார், பூசணி, கால் கட்டிய சேவல், கருப்பட்டி. நிலம் இல்லாதவர்கள் கடையில் வாங்கிய பிஸ்கட் பாக்கெட் வைப்பதும் உண்டு. ஆராதனை முடிந்ததும் அத்தனையையும் வெளியே வேப்பமரத்தடிக்குத் தூக்கிப் போய் ஏலம் விடுவார்கள். ஒரு பூசணிக்காய்க்கு ரெண்டு பேர் மல்லுக்கட்டி, சந்தையில் ஒரு வண்டிப் பூசணி வாங்குகிற விலைக்குக் கொண்டுபோவார்கள். எல்லாம் ஆண்டவருக்குத்தானே.

அந்த ஏலத்துக்கு ஒரு சட்டம் உண்டு. படியில் வைத்தது எதுவானாலும் காணிக்கை. மூன்று தரம் சொல்லியாகிவிட்டால் எடுத்தவருடையது; திருப்பிக் கேட்பது கிடையாது. ஒரு வருஷம் மழைக்காக ஐயர் கொண்டுவந்த குடையை வாழைத்தார் மேல் சாய்த்துவிட்டு ஜெபத்துக்குப் போனார். குடையும் ஏலத்துக்கு வந்தது. ஐயர் மறுப்பு ஒன்றும் சொல்லாமல் கூட்டத்தில் நின்று தன் குடையைத் தானே ஏலம் கேட்டு எடுத்துப்போனார். அதற்குப் பிறகு அந்தச் சட்டத்தை மாற்ற யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஏலம் விடுகிறவர் என் வீட்டுக்காரர். மின்சார வாரியத்தில் வேலை. கம்பத்தின் மேல் ஏறிக்கொண்டு கீழே இருப்பவர்களோடு பேசிப் பேசி வந்த குரல். ஒரு கழியால் மேஜையைத் தட்டி, "ஒருதரம்... ரெண்டுதரம்..." என்று இழுப்பார். மூன்றாம் தரத்துக்கு முன்னால் அவர் விடும் இடைவெளியில் கஞ்சனுக்கும் கை தூக்கத் தோன்றும்.

போர்வை வந்த மறு வருஷம் பண்டிகைக்கு, படிகள் வெறும் சிமெண்டாக இருக்கிறதே என்று ஐயரம்மா பெட்டியைத் திறந்து அந்தப் போர்வையைப் படிகளின் மேல் விரித்தார். அதன் மேல் பூசணிகளை வைத்தார்கள். அழகாகத்தான் இருந்தது, நானே சொன்னேன். ஆராதனை முடிந்தது. பெண்கள் எல்லோரும் அன்பின் விருந்துக்குப் பின்கட்டில் சமையலைக் கவனிக்கப் போனோம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வேப்பமரத்தடியில் இருந்து என் வீட்டுக்காரரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏதோ ஒன்று ரொம்ப நேரம் ஏறிக்கொண்டே போனது. "இன்னிக்கு யாரோ பெரிய ஆட்டக் குடுத்திருக்காங்க" என்று கம்பவுண்டர் வீட்டு அக்கா சந்தோஷப்பட்டார்.

சாயங்காலம் கோயிலைப் பெருக்கும்போதுதான் படிகளைப் பார்த்தோம். ஐயரம்மா என்னைப் பார்த்தார். நான் நேராக வீட்டுக்குப் போனேன்.

"ஜெர்மனி போர்வைய ஏலம் விட்டுட்டீங்களா?"

"படியில இருந்துச்சி. விட்டேன். ஏன், நல்ல வெலைக்குப் போச்சே."

"அது காணிக்கையா? அது விரிப்புங்க."

"எனக்கு இன்னாடி தெரியும்? பூசணிக்காய்க்கு மேல இருந்தா காணிக்கை, கீழ இருந்தா விரிப்புன்னு யாருனா எழுதி ஒட்டியிருந்தீங்களா?"

அன்றைக்கு வந்த கோபத்தில் அவருக்குச் சோறு போடுவதற்கு முன்னால் கரண்டியை ரெண்டு தடவை கீழே வைத்தேன். ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

போர்வையை எடுத்தவர் வேறு யாரும் இல்லை, கோயில் மதிலை ஒட்டின வீட்டுக்காரர். வீட்டிலேயே தறிகள் போட்டுப் பட்டு நெய்து கடைகளுக்குக் கொடுப்பவர். நெற்றி நிறைய விபூதி. பல வருஷங்களுக்கு முன்னால் வேடிக்கை பார்க்க வந்து எங்கள் ஏலத்தில் ஒரு பூசணிக்காய் எடுத்தார். அதே வாரம் விற்காமல் கிடந்த சேலைகள் போய்விட்டன. அன்றிலிருந்து அவருக்கு எங்கள் கோயில் ஏலம் ராசி. ஐயர் ஜெபித்துக் கொடுத்த பூசணியை அவர் வாசலில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடுவார். ஐயர் அந்த வழியே போகும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போவார். இரு பக்கமும் சமாதானமாக இருந்தது.

போனது போகட்டும் என்று விட்டிருப்போம். கிறிஸ்துமஸ் முடிந்ததும் அடுத்த கடிதம் வந்தது. பார்ட்னர் சபையிலிருந்து இரண்டு பெண்கள் மாசி கடைசியில் எங்களைப் பார்க்க வருகிறார்கள். நீங்கள் நடுக் கட்டத்தில் என்ன தைத்தீர்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறோம்.

சங்கத்தில் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கடைசியில் ஐயரம்மா எழுந்து, "வா டீச்சர், போய்க் கேட்டுப் பாக்கலாம்" என்றார். அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கூடவே நடந்தேன்.

மதிலை ஒட்டின அந்த வீட்டில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. போர்வையை எடுத்தவர் எழுந்து வந்து, உட்கார வைத்து, காப்பி கொடுத்து, விஷயத்தைக் கேட்டார். முகம் சுருங்கிவிட்டது.

"சாமி ஏலத்துல எடுத்தத திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு உங்க ஐயரே குடைய ஏலம் கேட்டவருங்க. ஆனா நீங்க வந்து கேக்கறப்ப நான் மாட்டேன்னு சொல்ல முடியுமா? ஒண்ணே ஒண்ணு. அது இப்ப எங்கிட்ட இல்ல. பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க."

அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். கணக்கில் மட்டம், கையெழுத்தில் முதல். தேசூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். முதல் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது பிரசவத்துக்கும் அம்மா வீட்டுக்கே வந்திருந்தாள். குழந்தை மாசம் நிறையும் முன்பே பிறந்து, வேலூர் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, பண்டிகை வாரத்தில்தான் வீட்டுக்கு வந்திருந்தது. குழந்தைக்கு ஐந்தாம் மாதம் புருஷன் வீட்டுக்குப் போக வேண்டும்.

உள்ளறையில் உத்தரத்தில் சேலைத் தூளி தொங்கியது. தூளிக்குள் எங்கள் போர்வை. அதற்குள் குழந்தை, ஒரு கை அளவுக்கு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

"வந்த புதுசுல ராவும் பகலும் அழுதுகினே இருப்பான் டீச்சர். ஒடம்பு ஜில்லுனு இருக்கும். அப்பா இத்தக் கொண்டாந்து போட்ட அன்னிக்கு சாயந்தரம் தூங்கனான் பாருங்க, மொத மொதலா. நான் பயந்துபோய் மூக்குல வெரல வெச்சிப் பாத்தேன்" என்றாள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தாள். அப்பா பேசியது உள்ளே கேட்டிருக்க வேண்டும். "உங்களுதுன்னா எடுத்துகினு போங்க" என்றாள். சொன்னவள் கை தூளிக் கயிற்றை விடவில்லை.

ஐயரம்மா தூளிக்குள் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவங்க வர அன்னிக்கு ஆராதனைக்கு மட்டும் குடு. சொவத்துல மாட்டிட்டுத் தரோம்" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பி, "திருப்பி வந்துடும்ல டீச்சர்?" என்று கேட்டாள்.

நான் தலையாட்டினேன். ஆனால் அது என் கையில் இல்லை. சங்கத்தில் விஷயத்தைச் சொன்னபோது கம்பவுண்டர் வீட்டு அக்கா, "கைக்கு வந்தா வந்ததுதான். அந்த ஏலப் பணத்தைத் திருப்பிக் குடுத்துடலாம், புள்ளைக்குப் புதுசா ரெண்டு போர்வை எடுத்துக் குடுக்கலாம்" என்றார். பலரும் அதுதான் சரி என்றார்கள். போர்வை ஒருவர் வீட்டுச் சொத்து இல்லை, சங்கத்துக்கு வந்தது, அடுத்த தலைமுறைக்கு இருக்க வேண்டியது. எல்லாம் நியாயமான பேச்சு. ஐயரம்மா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அவர் மௌனத்துக்கு அர்த்தம் சொல்லும் அகராதி எங்கள் யாரிடமும் இல்லை.

நடுக் கட்டத்துக்கு மட்டும் ஒரு வழி கண்டோம். போர்வை கைக்கு வந்ததும் அவசரமாக ஒரு சிலுவையைத் தைத்துவிடுவது. ஊசி, சிவப்பு நூல் எல்லாம் நான் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். போர்வையைத் துவைத்து, கரிப்பெட்டியால் தேய்த்து, மடித்து வைத்திருந்தாள். வாங்கிப் பிரித்தேன். நடுக் கட்டம் வெள்ளையாக இல்லை. அரக்கு நிறப் பட்டுத் துண்டு ஒன்றை அந்த அளவுக்கு வெட்டி, விளிம்பு தெரியாமல் மடித்துத் தைத்திருந்தாள். பட்டில் ஒரு அன்னப்பட்சி, மஞ்சளில்.

"எப்ப தைச்ச?"

"இவன் வந்த பத்தாம் நாளே டீச்சர். பச்சப் புள்ள மேல போடறதுல நடுவுல வெறும் வெள்ளையா உடக் கூடாது இல்ல? எங்க ஊட்ல வெள்ளத் துணின்னா ஒரு மூலையில மஞ்சளாவது தொட்டு வெப்பாங்க. என் கல்யாணச் சேல தறியில அறுத்தப்ப மிஞ்சின துண்டு இருந்துச்சி. தப்பா?"

"தப்பில்ல" என்றேன். ஊசியும் நூலும் பைக்குள்ளேயே இருந்துவிட்டன. நாங்கள் ஒரு வருஷம் கூட்டம் போட்டு முடிக்காததை இவள் ஒரு பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு முடித்திருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பாகவும் வந்தது.

விருந்தாளிகள் இருவர். ஒருவர் இளம்பெண், கழுத்தில் கேமரா. முந்தின நாள் பக்கத்து ஊர்த் திருமலைச் சமணக் குன்றுக்குக் கூட்டிப்போனதில், வெயில் பட்டு முகமெல்லாம் சிவந்திருந்தது. மற்றவர் வயதானவர். குட்டையாக வெட்டிய நரைமுடி, பெரிய பாதங்கள், மெதுவான இங்கிலீஷ். இருவருக்கும் மாலை போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தோம். பீடத்துக்குப் பக்கச் சுவரில் போர்வை.

ஆராதனை ஆரம்பித்தது. முதல் பாட்டு முடிந்து ஜெபத்துக்குத் தலை குனிந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கம் குழந்தை அழ ஆரம்பித்தான். பிரசங்கத்திலும் அழுதான். காணிக்கை எடுக்கும்போதும் அழுதான். தாலாட்டுகிற சத்தமும் கேட்டது, பிறகு அதுவும் களைத்துப்போய் நின்றது. ஐயரம்மா பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தை விட்டுவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். பாட்டின் பக்கத்தை அவர் தவறவிட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

ஆராதனை முடிந்ததும் வயதானவர் நேராகப் போர்வையிடம் போனார். வாத்துக் கட்டத்தைத் தொட்டு, இது என்னுடையது என்றார். பிறகு கை நடுவுக்கு வந்தது. அன்னத்தை விரலால் தடவினார். முகம் மலர்ந்துவிட்டது.

"என் வாத்துக்கு ஒரு ஜோடி கொடுத்துவிட்டீர்களே. இதை உங்களில் யார் தைத்தது?" என்று கேட்டார்.

நான் தமிழில் சொன்னேன். எங்கள் சங்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். கம்பவுண்டர் வீட்டு அக்கா என் முழங்கையைக் கிள்ளி, "எல்லாரும் சேர்ந்து செஞ்சதுன்னு சொல்லிடு டீச்சர், ஜல்தியா சொல்லு" என்றார்.

"கோயில்ல நின்னுகினு பொய் சொல்லச் சொல்றியா?" என்றார் ஐயரம்மா. "பக்கத்து வீட்டுப் பொண்ணு செஞ்சதுன்னு சொல்லு. எப்படி அங்க போச்சின்னும் சொல்லு. அவரையும் கூப்பிடு."

அவர் என்றது என் வீட்டுக்காரரை. அவர் வந்து, முழுக்கைச் சட்டையில், பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் முன்னால் நிற்பது போல நின்றார். நான் படிகள், பூசணி, வேப்பமரம், மூன்று தரம், தூளியில் தூங்கும் குழந்தை எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். வயதானவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நல்ல விலைக்குப் போனதா?" என்று கேட்டார்.

"அன்னிக்கு அதுதாங்க டாப்பு" என்றார் அவர், பயம் போய்ப் பெருமையாக.

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் எங்கள் எல்லோருக்கும் நெஞ்சுப் பாரம் இறங்கியது. சிரித்து முடித்து, மதில் பக்கம் காதைக் கொடுத்து, "அழுவது அந்தக் குழந்தைதானா?" என்றார். போர்வையை அவரே சுவரிலிருந்து கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்.

அவர் முன்னால், ஐயரம்மாவும் நானும் பின்னால், மாலையும் புடவையுமாகச் சங்கம் முழுவதும் அதற்குப் பின்னால் அந்த வீட்டுக்குள் நுழைந்தோம். அழுது அழுது முகம் கறுத்துப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நடந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் நின்றாள். போர்வையைப் பார்த்தாள், ஆனால் கை நீட்டவில்லை.

வயதானவர் போர்வையை நாலாக மடித்தார், அன்னம் மேலே வருகிற மாதிரி. தூளியில் வைத்து, குழந்தையைக் கையில் வாங்கி, அதன் மேல் கிடத்தினார். பழகின கை என்பது பார்த்தாலே தெரிந்தது. குழந்தை இரண்டு தரம் விசும்பினான், தலையைப் பட்டின் பக்கம் திருப்பினான், அடங்கினான். பக்கத்து அறையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தை நிறுத்தச் சொல்லலாமா என்று அந்த அம்மாள் ஜாடையில் கேட்டார்.

"நிறுத்தனாதான் முழிச்சிக்குவான்" என்றாள் அவள். நான் அதையும் மொழிபெயர்த்தேன்.

பிறகு அந்த அம்மாள் தணிந்த குரலில் ஒன்று சொன்னார். யுத்தம் முடிந்த வருஷங்களில் அவர்கள் ஊரில் போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லாத பிள்ளைகளுக்காகத்தான் மிஞ்சின துணிகளைச் சேர்த்துத் தைக்க ஆரம்பித்தார்களாம். பாவம், அவர்கள் ஊரிலும் கஷ்டம்தான் போல என்று கம்பவுண்டர் வீட்டு அக்கா அன்றைக்குச் சொன்னது அப்படியே உண்மை. இப்போது அக்காதான் முதலில் கண்ணைத் துடைத்தார்.

"ஆனால் இது உங்கள் சங்கத்துக்கு வந்தது. என்ன செய்வது என்று நான் சொல்லக் கூடாது" என்று முடித்தார் விருந்தாளி.

எல்லோரும் ஐயரம்மாவைப் பார்த்தோம். அந்தப் பெண்ணும் பார்த்தாள். அவள் கை மறுபடியும் தூளிக் கயிற்றுக்குப் போயிருந்தது. இன்னும் சில நாளில் தேசூர் பஸ் ஏற வேண்டியவள். கொடுக்க முடியாது என்று ஐயரம்மா சொல்லிவிட்டால் இனி இந்த மதிலைத் தாண்டி எந்த முகத்தோடு வருவேன் என்று நினைத்தேன்.

ஐயரம்மா நிலைப்படிக்குப் பக்கம் வந்து நின்றார். கஞ்சி போட்ட முந்தானையை இடுப்பில் செருகினார். குழந்தை எழுந்துவிடாதபடி, ஒரு விரலால் நிலைமரத்தை மெல்லத் தட்டினார்.

"ஒருதரம்" என்றார், ரகசியம் சொல்கிற குரலில். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், யாராவது மேலே கேட்கிறீர்களா என்று.

"ரெண்டுதரம்."

என் வீட்டுக்காரர் விடுகிற அதே இடைவெளியை அவரும் விட்டார். கம்பவுண்டர் வீட்டு அக்கா தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

"மூணுதரம்."

விருந்தாளி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். என்னால் அந்த நேரத்தில் மொழிபெயர்க்க முடியவில்லை. அந்தப் பெண் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எங்கள் கோயில் மதிலுக்கு அந்தப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் அவள். மூன்று தரம் சொன்ன பிறகு நாங்கள் எதையும் திருப்பிக் கேட்பதில்லை என்று அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.